ராயபுரம் மீட்டர் கடை: படகு ஆர்.பி.எம். மீட்டரை பத்மினிக்கு மாற்றிக் கொடுத்தவர்கள்

பழைய வண்டிக்குப் பழைய மீட்டர்தான் வேண்டும், ஆனால் அது பொய் சொல்லக் கூடாது என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராயபுரத்தில் கல்மண்டபம் மார்க்கெட்டைத் தாண்டி, கடல் பக்கம் இறங்கும் சந்து ஒன்றில் அந்தக் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. ஷட்டரில் நீலப் பெயின்டில் ‘மீட்டர் ரிப்பேர்’ என்று மட்டும் எழுதியிருக்கும். பாய் ஒருவரும் அவர் அக்கா மகனும் நடத்துகிறார்கள். காசிமேட்டு விசைப்படகுகளின் ஆயில் பிரஷர் மீட்டர், ஆர்.பி.எம். மீட்டர், லாரி ஸ்பீடோமீட்டர் எல்லாம் அங்கேதான் திறந்து கிடக்கும்.

என் வண்டி பிரீமியர் பத்மினி. பம்பாயில் ஃபியட் 1100 என்று செய்துகொண்டிருந்த வண்டிக்கு 1974ல் வைத்த பெயர் அது. 1089 சிசி, நாலு சிலிண்டர், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட், அதாவது ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் தொடுமுனை. டேஷ்போர்டில் ஸ்பீடோமீட்டர் உண்டு, பெட்ரோல் முள் உண்டு. எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சொல்ல ஒன்றும் கிடையாது. எனக்கு அது பெரிய குறை. துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் டக் படகுகளின் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். எஞ்சின் அறையில் நிற்பவனுக்குக் கடலும் தெரியாது, கரையும் தெரியாது. முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம். ஸ்பீடோமீட்டர் ரோட்டைப் பற்றிச் சொல்லும். எஞ்சினைப் பற்றிச் சொல்வது ஆர்.பி.எம். மீட்டர் ஒன்றுதான்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு நீல விளக்கு எரியும் மீட்டர்கள் வருகின்றன. அதை பத்மினியில் மாட்ட எனக்கு மனசு ஒப்பவில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் காயலாங்கடைகளில்தான் தேடினேன். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளை எல்லாம் கரையில் கட்டி எஞ்சின் வேலை பார்ப்பார்கள். அப்போது கழற்றிப் போடுவது எல்லாம் இந்தக் கடைகளுக்கு வந்து சேரும். தடைக்காலம் முடிந்த கையோடு போனால் நல்ல சாமான் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது ஒரு பழைய அவுட்போர்டு எஞ்சினின், அதாவது படகின் பின்னால் வெளிப்பக்கம் மாட்டும் எஞ்சினின், ஆர்.பி.எம். மீட்டர். கறுப்பு டயல், வெள்ளை எண்கள், 6000 வரை அளவு, குரோம் வளையம், லேசாக மேடு கட்டிய கண்ணாடி. படகுப் பலகையில் மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்த துளையில் உட்காரும் சைஸ், துல்லியமாகச் சொன்னால் 86 மில்லிமீட்டர். பின்னால் டெர்மினல்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. 800 ரூபாய் கொடுத்தேன்.

இதை அப்படியே காரில் மாட்டினால் முள் ஆடும், ஆனால் சொல்வது தப்பாக இருக்கும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்; இது தெரியாமல் எந்தக் கடைக்குப் போனாலும் காசு வீண்.

அவுட்போர்டு எஞ்சினின் ஃப்ளைவீலுக்குள் காந்தங்கள் சுற்றும். அவற்றுக்கு நடுவே சார்ஜிங் காயில் இருக்கும். பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கிற அந்தக் காயிலிலிருந்தேதான் மீட்டருக்கும் ஒரு ஒயர் போகும். 12 துருவம் உள்ள எஞ்சின் என்றால் ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு வரும். துருவம் குறைந்தால் துடிப்பும் குறையும். அதற்காகத்தான் மீட்டரின் முதுகில், சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்று வைக்க, 4, 5, 6 என்று ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருந்தார்கள். நம் காரில் அந்தக் காயில் கிடையாது. பிளக்குகளுக்கு ஸ்பார்க் கொடுக்கும் இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்துதான் துடிப்பை எடுக்க வேண்டும். நாலு ஸ்ட்ரோக், நாலு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு நாலு ஸ்பார்க். அதாவது சுற்றுக்கு 2 துடிப்பு. சுவிட்சில் 2 என்ற இடமே இல்லை. 4ல் வைத்தால் எஞ்சின் 3000ல் ஓடும்போது முள் 1500 காட்டும். 6ல் வைத்தால் 1000 காட்டும்.

சில படகு மீட்டர்களில் 4 துருவம் என்ற இடமும் இருக்கும். அப்படிப்பட்டது உங்களுக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். 4 துருவம் என்றால் சுற்றுக்கு 2 துடிப்பு. நாலு சிலிண்டர் காருக்குக் கணக்கு சரியாகிவிடும். 6 துருவம் ஆறு சிலிண்டருக்கும் 8 துருவம் எட்டு சிலிண்டருக்கும் பொருந்தும். வாங்கும்போது துருவக் கணக்கா துடிப்புக் கணக்கா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டும் ஒன்றல்ல.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் வேறொரு இடத்தில் விசாரித்தேன். “உள்ள இருக்கறத எல்லாம் தூக்கிப் போட்டுட்டு புது போர்டு வெச்சித் தரேன், முள்ளு டயல் மட்டும் உங்களுது” என்றார்கள். நான் மீட்டரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். டயல் மட்டும் பழசாக இருந்தால் அது வெறும் ஜோடனை.

ராயபுரம் பாய் மீட்டரைக் கையில் வாங்கியதும் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தார்.

“அண்ணே, இது அவுட்போர்டு ஐட்டம். உங்க வண்டி பாயின்ட்டா, எலெக்ட்ரானிக்கா?”

“பாயின்ட்தான் பாய். பத்மினி.”

“நெகட்டிவ் எர்த்துதானே? அப்ப வண்டிய எடுத்துக்கினு வாங்க. மீட்டர மட்டும் வெச்சிக்கினு நான் வாக்கு குடுக்க மாட்டேன்.”

அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மீட்டர் ஒரு பாதி, அதற்குச் செய்தி அனுப்பும் எஞ்சின் மறு பாதி. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் விலை சொல்பவரிடம் வேலை கொடுக்கக் கூடாது.

குரோம் வளையத்தின் மடிப்பை அவர் திறந்த விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலர் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புவார்கள். வளையம் பல்பல்லாக வளைந்துபோகும். இவர் மரத்தில் கடைந்த ஒரு அச்சில் மீட்டரைக் கவிழ்த்து வைத்து, மழுங்கின தகடு ஒன்றால் மடிப்பைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். திரும்ப மூடியபின் திறந்த தடமே தெரியவில்லை. உள்ளே உப்புக்காற்று புகுந்த இடங்களை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். டயலின் எண்கள் மேல் கையே வைக்கவில்லை. “புதுசா பிரின்ட் போடலாம் அண்ணே, ஆனா இந்த வெள்ளை வராது” என்றார். ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்திருந்தது. அதை மட்டும் புதிதாக வெட்டிப் போட்டார். காருக்குத் தண்ணீர் புகாத வளையம் எதற்கு என்று கேட்காதீர்கள். ராயபுரத்தில் ராத்திரி நிறுத்தி வைக்கும் வண்டிக்குக் கடல்காற்று உண்டு.

இப்போது முக்கியமான வேலை. இந்த மாதிரி மீட்டருக்குள், ஒவ்வொரு துடிப்பு வரும்போதும் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் கரண்டைத் திறந்து மூடும் சுற்று ஒன்று இருக்கிறது. ஒரு துடிப்புக்கு ஒரு படி என்று அளந்து போடுவது மாதிரி. படி எத்தனை தடவை விழுகிறதோ அதன் சராசரியைத்தான் முள் காட்டுகிறது. நமக்குத் துடிப்பு பாதியாகிவிட்டது, ஆகவே படியை இரட்டிப்பாக்க வேண்டும். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது ஒரு ரெசிஸ்டரும் ஒரு கபாசிட்டரும். பாய் சுவிட்சை 4ல் நிறுத்தினார், பழைய கபாசிட்டரை அளந்து பார்த்தார், அதே மதிப்புள்ள இன்னொன்றை அதற்குப் பக்கத்தில் இணையாக ஈயம் வைத்தார். அவ்வளவுதான். பழையது எதையும் வெட்டவில்லை. சேர்த்த கபாசிட்டரை எடுத்துவிட்டால் அது மறுபடியும் படகு மீட்டர்தான்.

செராமிக் கபாசிட்டர் போடாமல் ஃபிலிம் கபாசிட்டராகப் பார்த்துப் போட்டதையும் கவனித்தேன். மே மாசத்தில் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய கார் எப்படிக் கொதிக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். விலை குறைந்த செராமிக் வகைகள் அந்தச் சூட்டில் மதிப்பு மாறும். முள்ளும் கூடவே மாறும்.

அடுத்தது காயிலிலிருந்து வரும் அடி. பாயின்ட் திறக்கும் நொடியில் காயிலின் நெகட்டிவ் முனையில் சில நூறு வோல்ட் எகிறும். படகின் சார்ஜிங் காயிலைப் பார்த்துப் பழகிய மீட்டர் அதைத் தாங்காது. சிக்னல் ஒயரில் ஒரு ரெசிஸ்டர், அதற்குப் பின்னால் வோல்டேஜ் அளவு மீறாமல் பிடிக்கும் ஒரு ஜீனர் டயோடு, எர்த்துக்கு ஒரு சின்ன கபாசிட்டர் போட்டு அந்த அடியை மட்டுப்படுத்தினார். ரெசிஸ்டரை மீட்டர் பக்கம் வைக்காமல் காயில் பக்கமே வைத்தார். வழியில் ஒயர் உரசி பாடியில் தொட்டாலும் இக்னிஷன் நின்றுபோகாது. இதை நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். சப்ளை ஒயரில் தனியாக ஒரு ஃப்யூஸும் வைத்தார்.

மீட்டர் சொல்வது சரியா என்று பார்க்க அவர் கையாண்ட வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. அளவுகோல் வேறெங்கும் தேடவில்லை, சுவரில் இருக்கும் ஈ.பி. கரண்ட்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை. 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வைத்து ஒரே ஒரு டயோடு வழியாக மீட்டருக்குக் கொடுத்தால் விநாடிக்கு 50 துடிப்பு. சுற்றுக்கு 2 துடிப்பு என்ற கணக்கில் அது சரியாக 1500 ஆர்.பி.எம். நாலு டயோடு பிரிட்ஜ் வழியாகக் கொடுத்தால் 100 துடிப்பு, அதாவது 3000. மின்சார கிரிட்டின் அதிர்வெண் 50ஐ விட்டு ரொம்ப விலகாமல் நாடு முழுக்கக் காவல் காக்கிறார்கள். ஒரு கார் மீட்டருக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. முதலில் 1500க்குக் கொஞ்சம் மேலே நின்ற முள்ளை உள்ளே இருந்த பிரீசெட்டை, அதாவது அளவைச் சரிசெய்யும் சின்னத் திருகை, திருப்பிக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு சிக்னல் ஜெனரேட்டரில் 150 ஹெர்ட்ஸ் வைத்து 4500 பார்த்தார். 30ஆல் பெருக்கினால் கணக்கு வந்துவிடும் என்று அக்கா மகனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே செய்தார். அந்தப் பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். தொழில் தெரிந்தவர்கள் இப்படிச் சொல்லிக் கொடுப்பதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

பிறகு சந்தில் நின்ற வண்டிக்கு வந்தார். கிராங்க் புல்லியில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒரு துண்டு ஒட்டி, லேசர் ஆர்.பி.எம். கருவியைக் காட்டினார். பையன் ஆக்சிலரேட்டரில், நான் மீட்டரில், பாய் புல்லியில். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது, இரண்டும் ஒத்துப்போயின. 3000ல் எங்கள் முள் 3050 காட்டியது. 4500ல் 4400க்குப் பக்கத்தில் நின்றது. இத்தனை வயசான முள்ளுக்கு இது நல்ல தேர்ச்சி. ஹெட்லைட் போட்டுப் பார்த்தார், ஹாரன் அடித்துப் பார்த்தார், வைப்பர் ஓட்டிப் பார்த்தார். முள் நகரவில்லை. நகர்ந்திருந்தால் உள்ளே வோல்டேஜை நிலைநிறுத்தும் பகுதி பழுது என்று அர்த்தம். நீங்கள் எந்தக் கடையில் மாற்றினாலும் இந்த ஹெட்லைட் சோதனையைச் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் என்னிடம் முடிவைக் கேட்டார். ஐடிலில், 800 சுற்றில், விநாடிக்கு 27 துடிப்புதான் வருகிறது. அதனால் முள் லேசாக நடுங்கும். முள்ளின் காயிலுக்குக் குறுக்கே கபாசிட்டர் ஒன்று போட்டால் நடுக்கம் அடங்கும். ஆனால் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது முள் தாமதமாக ஏறும். எது வேண்டும் என்றார். நடுக்கம் இருக்கட்டும் என்றேன். எஞ்சின் அறையில் பழகியவனுக்கு நடுங்கும் முள் தொந்தரவில்லை. தாமதிக்கும் முள்தான் ஆகாது. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம். இப்படிக் கேட்டுச் செய்வதுதான் நல்ல கடை.

மொத்தக் கூலி 2,400 ரூபாய், சாமான் உட்பட. இந்த வேலைக்கு இது நியாயமான விலை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பில் கிடையாது. கேட்டால் துண்டுக் காகிதத்தில் எழுதித் தருவார். போன் எடுப்பது அபூர்வம். தடைக்காலத்தில் படகு வேலைதான் முதலில். கார்க்காரர்கள் காத்திருக்க வேண்டும். அது சரிதான் என்றாலும் முன்கூட்டியே சொல்லலாம். உள்விளக்கு மங்கல். பழைய பல்பையே வைத்திருந்தார். இரவில் 4000க்கு மேல் உள்ள எண்கள் சரியாகத் தெரியவில்லை. மஞ்சள் எல்.ஈ.டி. போட்டுக் கொடுங்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிராக்கெட் செய்து தர மாட்டார். பத்மினியில் கியர் லீவர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருப்பதால் அங்கே மீட்டரைக் கட்ட முடியாது. டேஷ்போர்டை வெட்டவும் நான் விரும்பவில்லை. வண்ணாரப்பேட்டை வெல்டிங் பட்டறை ஒன்றில் பட்டைக் கம்பியை வளைத்து, டேஷ்போர்டுக்குக் கீழே முகம் மேல்நோக்கி இருக்கும்படி மாட்டிக்கொண்டேன். டேஷ்போர்டின் தலைமேல் வைத்தால் இரவில் முன் கண்ணாடியில் பிம்பம் விழும், அதைத் தவிர்க்கவும்.

எல்லா வண்டிக்கும் இது ஆகாது. டீசல் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பார்க்கே கிடையாது. ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து சிக்னல் எடுக்க வேண்டும், புல்லியின் அளவைப் பொறுத்துக் கணக்கு மாறும். அதையும் பாய் செய்கிறார், விசைப்படகுகளுக்குச் செய்வதும் அதுதான். ஒவ்வொரு பிளக்குக்கும் தனி காயில் வைத்த புது வண்டிகளை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். கேபிள் சுற்றி ஓடும் பழைய மெக்கானிகல் மீட்டரையும் வாங்காதீர்கள். பத்மினி எஞ்சினில் அதைச் சுற்றுவதற்கு இடமில்லை.

மாட்டிய பிறகு வண்டியோடு என் பழக்கமே மாறியிருக்கிறது. கார்புரேட்டரின் மிக்சர் ஸ்க்ரூவை முன்பெல்லாம் காதால் கேட்டுத் திருப்புவேன். இப்போது முள் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே நிறுத்திவிட்டு, ஐடில் ஸ்க்ரூவால் 800க்கு இறக்குகிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒருநாள் வண்டி இழுக்காமல் திணறியது. கியரில் உருண்டுகொண்டே முள்ளைப் பார்த்தேன். பாயின்ட்டிலோ காயிலுக்குப் போகும் கரண்ட்டிலோ கோளாறு என்றால் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்திருக்கும். அது விழவில்லை, சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப மெதுவாக இறங்கியது. ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை என்று புரிந்தது. ஓரம் கட்டி பம்பின் வடிகட்டியைத் திறந்தால் துரு அடைத்திருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. நடுங்கினாலும் தாமதிக்காத முள் வேண்டும் என்று கேட்டு வாங்கியது அங்கே உதவியது.

போகிறவர்கள் காலை பதினொரு மணிக்கு மேல் போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கடை மூடியிருக்கும், மூன்று மணிக்குத் திறப்பார்கள். கார் சந்துக்குள் நுழையும், ஆனால் திரும்ப இடமில்லை. ரிவர்ஸில் உள்ளே போனால் வெளியே வருவது சுலபம். மீட்டரோடு வண்டியையும் கொண்டு போங்கள். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்.